வலப்பக்க இருக்கைக்கு மாறச் சொல்வது யார்? — சிறு விமானம், குட்டை ஓடுபாதை, வயதான தோழர்கள்

அழகாபுரத்துக் கிழவன் (இழையைத் தொடங்கியவர்)

எழுபதுகளின் இறுதியில் மீனம்பாக்கத்தில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய புஷ்பக் என்ற இரண்டு இருக்கை விமானத்தில் பறக்கக் கற்றவன் நான். துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின், அவ்வளவுதான். பிழைப்புக்காக அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துவிட்டு, இப்போது சேலத்தில் வீட்டு மாடியில் முருங்கைக்கு நிழல்வலை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில், மகன் வீட்டுக்குப் போகும்போது மட்டும் பழைய கூட்டாளிகளுடன் பறப்பதுண்டு.

நாங்கள் நால்வர் சேர்ந்து செஸ்னா 172எஸ் என்ற நான்கு இருக்கை விமானம் ஒன்று வைத்திருந்தோம். என்னைத் தவிர மற்ற மூவரும் அந்த ஊர்க்காரர்கள். நான் சேர்ந்தபோதே அறுபதைத் தாண்டியவர்கள். ஐடஹோ மலைகளுக்குள் ஜான்சன் கிரீக் என்றொரு புல் ஓடுபாதை இருக்கிறது. நீளம் 3400 அடி, உயரம் கடல்மட்டத்திலிருந்து 4933 அடி, அதாவது கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரம். இரு பக்கமும் மலை; நடுவே ஓடை. பொதுவாகத் தெற்கு நோக்கி இறங்கி வடக்கு நோக்கி எழும்புவார்கள். அங்கே கூடாரம் அடித்து இரவு தங்கி, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவது எங்கள் வழக்கம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நான்கு கிழவர்கள் காப்பி குடித்துக் கதை பேசும் கூட்டமாகத்தான் தெரியும். உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கே சில ஆண்டுகள் பிடித்தன. விமானக் கொட்டகையில் குளியலறை எடைப்பொறி ஒன்று கிடக்கும். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் கைப்பையோடு அதன்மேல் ஏறி, எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்குவாளியும் அதில் ஏறித்தான் இறங்கியது. இரண்டு கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று முதல் தடவை நான் சிரித்தேன். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை, எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

எங்களில் மூத்தவருக்கு அப்போது எண்பத்தொன்று. எண்பது வயதுக்குப் பின்னும் தாமே விமானத்தை ஓட்டியவர்களுக்கென்று 1982 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் சின்னம் பொறித்த தொப்பியைக் கழற்றவே மாட்டார். செஸ்னாவின் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகும் வேகத்துக்குச் சில நாட் (விமான வேகத்தின் அளவு) முன்பாகவே, காற்று அத்துளை வழியாக உறிஞ்சப்பட்டு ஒரு பீப்பி ஊதும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, துளைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சுவோம். அன்று அவர் உறிஞ்சினார். இரண்டாம் முறையும் உறிஞ்சினார். பிறகு எங்களைப் பார்த்து, "பீப்பி போய்விட்டது, இன்று பறக்க வேண்டாம்" என்றார். எங்கள் மூவருக்கும் அது நன்றாகக் கேட்டிருந்தது.

அந்தக் கணத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் உங்களைக் கேட்கிறேன்: இத்தகைய கூட்டத்தில் ஒருவருடைய கண்ணோ காதோ கையோ தளர்ந்துவிட்டால், ஓட்டுபவருக்குரிய இடப்பக்க இருக்கையை விட்டு வலப்பக்கம் மாறிக்கொள் என்று யார் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்?

ஐந்துரோட்டுக்காரன்

ஐயா, மன்னிக்கவும். நால்வர் சேர்ந்து விமானம் வாங்குவதையும் புல்வெளியில் கூடாரம் அடிப்பதையும் படிக்கும்போது, இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. தோழமைக்கு விமானம் எதற்கு? எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் காலை ஐந்தரைக்குக் கூடும் பெரியவர்களிடம் இல்லாத தோழமையா?

அழகாபுரத்துக் கிழவன்

வசதி வேண்டும் என்பதை மறுக்கவில்லை, தம்பி. நால்வராகப் பங்கு போட்டதற்குக் காரணமே தனியாக எவருக்கும் கட்டுப்படியாகாது என்பதுதான். ஆனால் தேநீர்க் கடையில் ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நண்பர் தன் எடையைக் குறைத்துச் சொன்னால், அந்தப் பொய் ஓடுபாதையின் மறுமுனையில் இருக்கும் மரத்தில் போய் முடியும்.

பழைய பயிற்றுநர்

எடைப்பொறியைப் பற்றிச் சிலர் வியக்கக்கூடும் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் எடை பத்து விழுக்காடு கூடினால், எழும்பத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய இருபது விழுக்காடு கூடும் என்பது நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் கைக்கணக்கு. இறங்கும்போதும் இதே கதைதான்: வேகம் பத்து விழுக்காடு மிகுந்தால், ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப இருபத்தொரு விழுக்காடு கூடும். கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், முழு எடையுடன் 172எஸ் விமானம் தரையில் 960 அடி ஓடி எழும்பும். 50 அடி உயரமுள்ள தடையைத் தாண்ட 1630 அடி வேண்டும். இந்த எண்கள் புத்தம்புது எஞ்சினுக்கும் தேர்ந்த விமானிக்கும் உரியவை. எழுபது வயதுக் கைக்கும் பழைய எஞ்சினுக்கும் இவற்றின்மேல் தாராளமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெப்பத்தை மறந்துவிடக் கூடாது. காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 1000 அடி. அந்த உயரத்தில் இருக்க வேண்டிய நியம வெப்பம் 13 பாகை. கத்திரி வெயிலில் 38 பாகை அடிக்கிறது என்றால் மிகுதி 25 பாகை. ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி என்று பெருக்கினால் 3000 அடி வருகிறது. ஆக, விமானம் நிற்பது ஆயிரம் அடியில். அதன் இறக்கையும் எஞ்சினும் உணர்வதோ நாலாயிரம் அடியில் உள்ள மெலிந்த காற்றை. நம் ஓடுபாதை 1806 மீட்டர் நீளமுள்ளது என்பதால் அங்கே சிறு விமானத்துக்கு இது பெரிதாக உறைக்காது. ஜான்சன் கிரீக்கில் 30 பாகை வெயிலில் இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 7900 அடி வரும். அந்தக் கிழவர்கள் விடியற்காலையில் கிளம்பியது அழகுக்காக அல்ல.

காப்பித்தோட்டத்தார்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்ன ஊரின் உயரம் எங்கள் ஊரின் உயரம்தான் என்றதும் ஆசை வந்துவிட்டது. சேர்வராயன் மலையில் எங்காவது அப்படி ஓர் ஓடுபாதை போட முடியுமா? என் தோட்டத்தில் சமதளம் என்று சொல்லத்தக்கது காப்பி உலர்த்தும் களம் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

பழைய பயிற்றுநர்

உயரம் ஒன்றாக இருப்பதால் இடம் ஒன்றாகிவிடாது. அது ஓடை அரித்துப் போட்ட பள்ளத்தாக்கின் தரை. உங்களுடையது சுற்றிலும் சரிந்து விழும் மலையின் தலை. சரிவின் விளிம்பைத் தாண்டும் காற்று கீழ்நோக்கி இறங்கும். இறங்க வருகிற விமானம் சரியாக அந்த இடத்தில்தான் தாழ்வாகவும் மெதுவாகவும் வந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர் மேகத்துக்குள் இருக்கும். இவையெல்லாம் போக, இங்கே பொதுவாகப் பறப்புத் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற்றாக வேண்டும். நினைத்த காலையில் கிளம்பி அடுத்த ஊரில் இட்லி சாப்பிட்டுத் திரும்பும் வாழ்க்கை நம் நாட்டில் அவ்வளவு எளிதன்று. களத்தில் காப்பியையே உலர்த்துங்கள்.

அஸ்தம்பட்டி அம்மாள்

முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு எவரும் இன்னும் விடை சொல்லவில்லை. என் கணவர் தனியார் விமானி உரிமம் வைத்திருந்தவர். காலமாகி ஆறு ஆண்டுகளாகின்றன. வணிக விமானியாக வேலை பார்ப்பவர்களுக்கு 65 வயது என்ற எல்லை இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்கு மருத்துவச் சான்று ஒன்றுதான் கடிவாளம். அந்தச் சான்றையும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி, முந்தைய வாரமெல்லாம் உப்பைக் குறைத்து நடந்து எப்படியோ வாங்கிவிடுவார்.

அறுபத்தொன்பதாம் வயதில் அவருக்கு அந்தி வெளிச்சத்தில் பார்வை மங்கத் தொடங்கியது. நானும் என் பெண்ணும் சொல்லிக் கேட்கவில்லை. அவருடன் பறக்கும் நண்பர் ஒருவர், இவரைவிட இரண்டு வயது மூத்தவர், ஒருநாள் வீட்டுக்கு வந்து, "எனக்கு இப்போதெல்லாம் வலப்பக்கம் வரும் விமானம் சரியாகத் தெரியவில்லையப்பா, இனி நான் தனியாகப் போக மாட்டேன், நாம் இருவரும் சேர்ந்தே போவோம், காலையில் மட்டும் போவோம்" என்றார். என் கணவர் அன்றே ஒப்புக்கொண்டார். நண்பருக்கு உதவுவதாகத்தான் கடைசிவரை நினைத்திருந்தார். அந்த நண்பரின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்பது, துக்கத்துக்கு வந்திருந்தபோது அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நான் கண்டதுண்டு. வேறோர் ஊரில், வேறொரு குழுவில், ஒருவர் வேகம் மிகுந்து இறங்குகிறார் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. பெரியவர் மனம் நோகக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. அவர் ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் போய் முன்சக்கரத்தை முறித்துக்கொண்ட அன்று மாலையே, "நாங்கள் அப்போதே நினைத்தோம்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். நல்லவேளையாக உயிருக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பறப்பதை விட்டதால் அல்ல, அவர்களுடைய முகத்தில் விழிக்க முடியாததால்.

பழைய பயிற்றுநர்

அம்மா, உங்கள் கணவரின் நண்பர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் அவர் செய்ததை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொய் சொல்லி ஒருவரைக் காப்பாற்றினால், அவர் தம்மைப் பற்றிய உண்மையை அறியாமலேயே இருந்துவிடுகிறார். அந்த நண்பர் ஊரில் இல்லாத ஒருநாள் அவர் தனியாகக் கிளம்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? அளவைகள் பேசட்டும் என்பதே என் கட்சி. தரை தொட வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். எத்தனை அடி தள்ளி இறங்கினார் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும். எவரும் எவருடைய மனத்தையும் நோகடிக்க வேண்டியதில்லை.

காப்பித்தோட்டத்தார்

குறிப்பேடு சொல்லும்; கேட்க வேண்டுமே. நான் அம்மாவின் கட்சி. எங்கள் தோட்டத்து ஜீப்பை முப்பது வருடம் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். சேலம் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு மனப்பாடம். எழுபதை நெருங்கியபோது இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிடும் முறையை இரண்டு தடவை மறந்தார். என் தந்தை அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், "இந்தப் பையனுக்கு மலைப்பாதை பழக்கிக் கொடுங்கள்" என்று ஓர் இளைஞனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார். அவருக்கு விஷயம் புரியாமலா இருந்திருக்கும்? புரிந்தும் புரியாத மாதிரி ஏற்றுக்கொள்ள ஓர் இடம் விட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

காமலாபுரத்தான்

பெரியவர்கள் நடுவில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 1993-இல் அது திறந்தது முதல் விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்ததை என் அப்பா கதையாகச் சொல்வார்; 2018-இல் சென்னை விமானம் வந்தபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்த பள்ளிப் பையன்களில் நானும் ஒருவன். இப்போது வெளியூரில் விமானப் பயிற்சி பெறுகிறேன்.

எனக்கு ஓர் ஐயம். போன மாதம் இறங்க வரும்போது குறுக்குக் காற்றில் நிலைகொள்ளாமல், இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறிச் சுற்றி வந்தேன். சரியான முடிவு என்றுதான் ஆசிரியர் சொன்னார். ஆனால் விடுதியில் ஒரு வாரம் என்னை 'சுற்றுலா' என்றே கூப்பிட்டார்கள். அடுத்த முறை காற்று அடித்தபோது, மேலேறலாமா என்று நினைத்த நொடியில் அந்தப் பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. இறங்கிவிட்டேன், மூன்று தடவை துள்ளி இறங்கினேன். உங்கள் கூட்டத்தில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், ஐயா?

அழகாபுரத்துக் கிழவன்

தம்பி, உங்கள் கேள்விக்கும் என் கேள்விக்கும் விடை ஒன்றேதான் என்று தோன்றுகிறது.

மலைப் பள்ளத்தாக்கில் உள்ள சில குட்டை ஓடுபாதைகளில், ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால் பிறகு மேலேற முடியாது. எதிரே மலை நிற்கும். இறங்குவதா கைவிடுவதா என்ற முடிவை அந்தப் புள்ளிக்கு முன்பாகவே எடுத்தாக வேண்டும். நான் ஜான்சன் கிரீக்குக்கு முதன்முறை ஓட்டிச் சென்றபோது வேகம் எட்டு நாட் கூடுதலாக இருந்தது. ஓடுபாதையின் நடுவில் இரண்டு மான்கள் வேறு மேய்ந்துகொண்டிருந்தன. கைவிட்டேன். பள்ளத்தாக்கிலேயே ஏறி, சுற்றி வந்தேன். இரண்டாம் முறையும் மனம் ஒப்பவில்லை; மீண்டும் கைவிட்டேன். மூன்றாம் முறை இறங்கினேன். முன்பே வந்து இறங்கியிருந்த நான்கைந்து விமானங்களின் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

எங்கள் மூத்தவர் ஒரு தம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "முதல் தடவை என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். நான் வேகத்தைச் சொன்னேன், மானைச் சொன்னேன். "இரண்டாம் தடவை?" ஒன்றும் பார்க்கவில்லை, சரியில்லை என்று தோன்றியது என்றேன். அவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், தாம் அந்த ஆண்டு எத்தனை முறை கைவிட்டார் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எண்ணிச் சொன்னார்கள். அங்கே அதுதான் பெருமை பேசும் முறை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே ஆட்கள் கோடையில் வந்து வேலி கட்டுவார்கள், புல் வெட்டுவார்கள், எலி வளையை மண்போட்டு மிதிப்பார்கள். அந்த நாட்டில் இப்படிப்பட்ட ஓடுபாதைகள் பல இன்னும் மூடப்படாமல் இருப்பதற்கு இந்தச் சம்பளமில்லா வேலையும் ஒரு காரணம்.

இனி அந்தப் பீப்பிக் கதை. அவர் "பீப்பி போய்விட்டது" என்றதும் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவர் காதுதான் போயிருந்ததே தவிர, கண் நன்றாக இருந்தது. எங்களில் இளையவர் அவர் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கித் துளைமேல் வைத்து நீளமாக உறிஞ்சினார். மூத்தவர் இறக்கையைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தார். "உங்களுக்குக் கேட்கிறதா?" என்றார். கேட்கிறது என்றோம். சற்று நேரம் இறக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அதன்பின் நான்கு கோடைகள் எங்களுடன் வந்தார். வரைபடமும் வானொலியும் அவர் பொறுப்பு. எங்கே இருக்கிறோம், எந்த உயரம், எந்தப் பக்கம் போகிறோம் என்று அந்தப் பள்ளத்தாக்குகளில் பறக்கும் மற்றவர்களுக்கு அவர் அறிவிப்பதைக் கேட்டால், அத்தனை தெளிவாக எவரும் பேசிக் கேட்டதில்லை என்பீர்கள்.

நாங்கள் பொய்யும் சொல்லவில்லை, குறிப்பேட்டையும் நீட்டவில்லை. கேட்கிறது என்று சொன்னோம்.

அஸ்தம்பட்டி அம்மாள்

அவர் கேட்டார், நீங்கள் சொன்னீர்கள். என் கணவர் கேட்கும் வகை அல்ல. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பயிற்றுநர் ஐயா சொன்ன வெள்ளைக் கோட்டைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். அதையும் இவர், சுண்ணாம்பு அடித்தவன் தள்ளி அடித்துவிட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்.

பழைய பயிற்றுநர்

சிரித்துவிட்டேன், அம்மா. அப்படிச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காமலாபுரத்துத் தம்பிக்கு: விடுதியில் உங்களைச் 'சுற்றுலா' என்று முதலில் கூப்பிட்டவரிடம், அவர் இதுவரை எத்தனை முறை கைவிட்டு மேலேறியிருக்கிறார் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், அவருடன் ஒரே விமானத்தில் ஏறாதீர்கள்.

இந்தப் பீப்பியைப் பற்றி ஒரு தகவல். வயது ஏறும்போது முதலில் போவது கீச்சென்ற மேல்சுருதிகளைக் கேட்கும் திறன்தான். பேச்சு நன்றாகக் கேட்பதால், தமக்குக் குறை இருப்பதே பலருக்குத் தெரியாது. எஞ்சின் இரைச்சலில் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது இன்னும் விரைவாக வரும். அறுபதைத் தாண்டிய எவரும் ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

காமலாபுரத்தான்

நன்றி, ஐயா. பயிற்சிக் கூடத்தில் செஸ்னா 152-இன் அந்தப் பீப்பியைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன், கீழே இணைத்திருக்கிறேன். பதினோரு வினாடி. முதல் மூன்று வினாடி காற்றின் இரைச்சல் மட்டும். அதற்குப் பிறகு மவுத்தார்கன் மாதிரி மெல்லத் தொடங்கி மேலே போகும்.

காப்பித்தோட்டத்தார்

கேட்டேன். எனக்கு அறுபத்து மூன்று. வீட்டில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றுவிட்டது.

ஐந்துரோட்டுக்காரன்

தேநீர்க் கடையில் ஐந்து பெரியவர்களுக்கும் போட்டுக் காட்டினேன். மூவருக்குக் கேட்டது. மற்ற இருவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் கேள்வி எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, ஐயா.

அழகாபுரத்துக் கிழவன்

பதிவை மூன்று முறை ஓட்டினேன். பதினோரு வினாடியும் காற்றின் இரைச்சல்தான் வருகிறது, ஒலி சரியாகப் பதிவாகவில்லை, தம்பி மீண்டும் இணைக்கட்டும் என்று இங்கே எழுதத் தொடங்கியபோது, சமையலறையிலிருந்து என் மனைவி, "அது என்ன, விடாமல் பீப்பி ஊதுகிறது?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காது மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஜூன் மாதப் பயணத்துக்கு எனக்கு வலப்பக்க இருக்கை போதும் என்று கூட்டாளிகளுக்கு இன்றிரவே எழுதிவிட்டேன். புளியோதரையின் எடையை வழக்கம்போல் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.